நித்திரை தீர்க்காத களைப்பு

"களைப்பாக இருக்கிறது" என்று சொன்னால் எங்கள் வீடுகளில் பெரும்பாலும் ஒரே மறுமொழிதான் கிடைக்கும்: "நேரத்தோடு படுத்து எழும்பு, எல்லாம் சரியாகிவிடும்." உம்மாமார் சொல்லும் இந்த மருந்து பெரும்பாலானோருக்குப் பலிக்கவும் செய்கிறது. ஆனால், எட்டு ஒன்பது மணித்தியாலம் நித்திரை கொண்ட பின்பும் படுக்கும்போது இருந்த அதே களைப்போடு ஒருவர் கண் விழித்தால்? அது மாதக்கணக்கில் தொடர்ந்தால்? அவரைச் சோம்பேறி என்பதா, நோயாளி என்பதா? இரண்டையும் பிரித்தறிய நித்திரையைப் பற்றி முதலில் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

நித்திரையில் நடப்பது என்ன?

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பதார்த்தம் சிறிது சிறிதாகச் சேர்கிறது. அது சேரச் சேர நித்திரைக் கலக்கம் கூடுகிறது. நித்திரை கொள்ளும்போது அதன் அளவு குறைந்துவிடுகிறது. தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன், அடினோசின் சென்று பொருந்த வேண்டிய வாங்கிகளை மறித்துக்கொள்கிறது. ஆகவே, இரவில் படிக்கும்போது நாம் குடிக்கும் பிளேன்டீ களைப்பைப் போக்குவதில்லை. களைப்பு என்ற செய்தி மூளைக்கு எட்டாமல் சிறிது நேரம் தடுத்து வைக்கிறது, அவ்வளவுதான்.

நித்திரை ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே மாதிரியானதும் அல்ல. இலேசான நித்திரை, ஆழ்ந்த நித்திரை, கனவுகள் மிகுந்த நித்திரை என மாறி மாறி வருகிறது. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு சுற்றாக, ஓர் இரவில் நான்கு ஐந்து சுற்றுகள் நிகழ்கின்றன. வளர்ச்சி ஓமோன் அதிகமாகச் சுரப்பது ஆழ்ந்த நித்திரையின்போதே. இடையிடையே விழிப்பவருக்கும், குறட்டையோடு மூச்சுத் தடைப்படுபவருக்கும் இந்தச் சுற்றுகள் குலைந்துவிடும். அவர்கள் கட்டிலில் எட்டு மணித்தியாலம் கிடந்தாலும் போதிய ஓய்வு கிடைக்காது. நித்திரையின் அளவைப் போலவே தரமும் முக்கியம் என்பது இதனால்தான்.

எங்கள் வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை தேவை. பதின்ம வயதில் மெலற்றோனின் என்ற ஓமோன் பிந்திச் சுரக்கத் தொடங்குவதால் இரவில் நித்திரையும் பிந்தித்தான் வருகிறது. ஆனால் சுபஹுக்கு எழும்ப வேண்டும், 7.30 மணிக்குப் பாடசாலை, பின்னேரம் டியூஷன். இதனால் உயர்தர மாணவிகள் பலரும் நித்திரைக் கடனோடுதான் நடமாடுகிறோம். ஆனால் இந்தக் கடன் அடைக்கக்கூடியது. விடுமுறையில் சில இரவுகள் ஒழுங்காக நித்திரை கொண்டால் உடம்பு தெளிந்துவிடும்.

அடைபடாத கடன்

நாட்பட்ட களைப்பு நோய் உள்ளவரின் நிலை வேறு. 2015 ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ நிறுவகம் இந்நோயை இனங்காண மூன்று முக்கிய அடையாளங்களைக் கூறியது. முதலாவது, முன்பு செய்த வேலைகளைச் செய்ய முடியாத அளவுக்கு 6 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் களைப்பு. இரண்டாவது, சிறு வேலைக்குப் பின்பும் உடல்நிலை சரிந்துபோதல். இந்தச் சரிவு உடனே வராமல் ஒரு நாள், இரண்டு நாள் கழித்தும் வரலாம்; வந்தால் நாட்கணக்கில் நீடிக்கலாம். மூன்றாவது, எவ்வளவு நித்திரை கொண்டாலும் புத்துணர்வு வராமை. இவற்றோடு மறதி, சிந்தனைத் தடுமாற்றம் என்பன அல்லது எழுந்து நிற்கும்போது தலைச்சுற்றும் படபடப்பும் கூடும் நிலை இருக்க வேண்டும்.

அப்படியானால், நித்திரையின் தரம் கெட்டதால்தான் இந்நோய் வருகிறதா? இக்கேள்விக்கு 2003 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு நல்ல வெளிச்சம் தருகிறது. ஒருவருக்கு இந்நோய் இருக்க, மற்றவர் நலமாக இருக்கும் ஒத்த இரட்டையர்களை அதில் ஒப்பிட்டார்கள். நோயுள்ளவர்கள் தங்கள் நித்திரை மிக மோசம் என்றார்கள். ஆனால் இரவில் கருவிகளைப் பொருத்தி அளந்தபோது, இருவரது நித்திரையும் பெரும்பாலும் ஒத்தே இருந்தது.

இதைப் பார்த்து "நோயாளி பொய் சொல்கிறார்" என்று முடிவு செய்வது பிழை. இரவு முழுவதும் குழாயில் தண்ணீர் வந்தும் காலையில் தாங்கி நிரம்பாமல் இருந்தால், குழாயை மட்டும் பார்ப்பது போதாது. தாங்கியையும் பார்க்க வேண்டும். இந்நோயில் நித்திரை வருகிறது, ஆனால் அது தர வேண்டிய புத்துணர்வு கிடைப்பதில்லை. கெட்ட நித்திரை நோயின் வலியையும் மறதியையும் கூட்டும் என்பது உண்மை. ஆனால் நித்திரையைச் சீர் செய்வதால் மட்டும் நோய் நீங்கிவிடாது.

நம்பப்படாத நோயாளிகள்

1955 இல் லண்டன் றோயல் ஃபிரீ வைத்தியசாலையில் 290க்கும் அதிகமான ஊழியர்கள் அடுத்தடுத்து நோயுற்றார்கள். வைத்தியசாலையையே இரண்டு மாதங்களுக்கு மேல் மூட வேண்டியதாயிற்று. பலருக்குக் களைப்பும் தசைவலியும் நெடுநாள் நீடித்தன. இந்நோயின் வரலாற்றில் இது முக்கியமான நிகழ்வு. ஆனால் 1970 இல் இரு மனநல வைத்தியர்கள், அந்த நோயாளிகளை நேரில் பரிசோதிக்காமல் பழைய குறிப்புகளை மட்டும் படித்து, இது கூட்டமாக ஏற்பட்ட மனக்கோளாறு என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெண்களே அதிகம் என்பது அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று. உலக சுகாதார நிறுவனமோ 1969 இலேயே இதனை நரம்புத் தொகுதி நோய்களின் கீழ்ச் சேர்த்திருந்தது.

அமெரிக்க எழுத்தாளர் லோரா ஹிலன்பிராண்ட் 1987 இல் பல்கலைக்கழக மாணவியாக இருந்தபோது இந்நோய்க்கு ஆளானார். நோய் மனதில்தான் இருக்கிறது என்று அவருக்கும் சொல்லப்பட்டது. வீட்டை விட்டு வெளியே போகவும் முடியாத காலங்களுக்கு இடையேதான் அவர் 'சீபிஸ்கட்', 'அன்புரோக்கன்' என்னும் புகழ்பெற்ற இரு நூல்களை எழுதினார். அவரைச் சோம்பேறி என்று யார் சொல்ல முடியும்?

காய்ச்சலுக்குப் பின்

பலருக்கு இந்நோய் ஒரு தொற்றுக்குப் பின்னரே தொடங்குகிறது. அவுஸ்திரேலியாவில் 2006 இல் வெளியான ஆய்வொன்றில், மூன்று வகையான தொற்றுகளுக்கு ஆளான 253 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 11 வீதமானோர் ஆறு மாதங்களின் பின் நாட்பட்ட களைப்பு நோய்க்குரிய நிலையில் இருந்தார்கள். அம்மூன்று தொற்றுகளில் ஒன்றான றொஸ் ரிவர் வைரசு நுளம்பினால் பரவுவது. எங்கள் நாட்டிலும் பரவிய சிக்குன்குனியா வைரசின் இனத்தைச் சேர்ந்தது. கொவிட் தொற்றுக்குப் பின்பும் பலருக்கு இதே அறிகுறிகள் தோன்றியுள்ளன. ஆகவே, காய்ச்சல் மாறிய பின்பும் பிள்ளை பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்றால் அதைச் சாட்டு என்று எண்ணிவிடக் கூடாது.

நாம் செய்யக்கூடியவை

முதலில், இதைப் படித்துவிட்டு எவரும் தனக்கு இந்நோய் என்று தானே முடிவு செய்ய வேண்டாம். குருதிச்சோகை, தைரொயிட் குறைபாடு, நீரிழிவு, நித்திரையில் மூச்சுத் தடைப்படல், மனச்சோர்வு ஆகியவையும் களைப்பைத் தரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே களைப்பு வாரக்கணக்கில் நீடித்தால் வைத்தியரைக் காண்பதே முதல் வேலை.

நித்திரைக் கடன் மட்டும் உள்ளவர்கள் தினமும் ஒரே நேரத்தில் படுத்து எழும்புவதும், பின்னேரத்துக்குப் பின் தேநீர், கோப்பியைத் தவிர்ப்பதும், கைத்தொலைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பதும் நல்லது. நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழுவதால் குறையும் நித்திரையைப் பகலில் சிறிது ஈடுசெய்யலாம்.

நோய் உறுதியானவருக்கோ இதுவரை முற்றாகக் குணமாக்கும் மருந்து இல்லை. தன் சக்தியின் எல்லையை அறிந்து, அதைத் தாண்டாமல் வேலையையும் ஓய்வையும் பங்கிட்டுக்கொள்வதே அவருக்கு உதவும் வழி. "எழும்பி நட, உடற்பயிற்சி செய், எல்லாம் மாறும்" என்று வற்புறுத்துவது அவரை மேலும் விழுத்திவிடலாம். உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையை முன்பு பரிந்துரைத்த பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டி நிறுவனமும், 2021 இல் அதனை வழங்கக் கூடாது என்று மாற்றி அறிவித்தது.

அன்பான பெற்றோரே, "எத்தனை மணிக்குப் படுத்தாய்?" என்று எங்களிடம் கேட்கிறீர்கள். அதனோடு "எழும்பும்போது உடம்பு எப்படி இருந்தது?" என்றும் கேளுங்கள். சகோதரிகளே, வகுப்பில் ஒருத்தி நாட்கணக்கில் வராமல், வந்தாலும் மேசையில் தலை சாய்த்திருந்தால், பெயர் சூட்டுவதற்கு முன் அவளுக்கு அருகில் போய் அமருங்கள். தவறிய பாடக் குறிப்புகளை எழுதிக் கொடுங்கள். அவள் சொல்வதை நம்புங்கள்.

– உயர்தர உயிரியல் பிரிவு மாணவி