பழைய ராக் இசைக்குப் புது மெருகு: காதுக்குத் தெரிகிறதா?

சென்ற தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து வந்த என் மகன் ஒரு குறுந்தகட்டைக் கையில் கொடுத்தான். 1970-களில் வெளியான ஒரு ராக் ஆல்பத்தின் 'ரீமாஸ்டர்' பதிப்பு. விலையைக் கேட்டதும் என் பென்ஷன் நினைவுக்கு வந்தது. "பழசோட வச்சுக் கேட்டுப் பாருங்கப்பா" என்றான். கேட்டேன். புதியது துடிப்பாக, துல்லியமாக இருந்தது. ஒப்புக்கொண்டேன். அவன் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த ரயில்வே டெலிகாம் ஆசாமி விழித்துக்கொண்டான்.

நம் வீடுகளில் ராக் இசை அதிகம் புழங்குவதில்லை. எனக்கு அது கல்கத்தாவில் ஒட்டிக்கொண்டது. 1982-இல் லிலுவா குவார்ட்டர்ஸில் இருந்தபோது, ஃப்ரீ ஸ்கூல் தெருவின் பழைய இசைத்தட்டுக் கடைகளில் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தொலைத்திருக்கிறேன்.

ரீமாஸ்டர் என்றால் என்ன? பாடகர் மறுபடி பாடுவதில்லை. மூல ஒலிநாடாவிலிருந்து விற்பனைக்கான தட்டைத் தயாரிக்கும் கடைசிக் கட்டத்தை மட்டும் திரும்பச் செய்கிறார்கள். இரைச்சலைக் குறைக்கலாம், கனத்த ஒலிகளையும் கீச்சொலிகளையும் கூட்டிக் குறைக்கலாம், மொத்தச் சத்தத்தை உயர்த்தலாம். வம்பு இந்தக் கடைசி வேலையில்தான்.

மின்மயமான பாதைகளில் லெவல் கிராசிங்குக்கு முன்னால் 'ஹைட் கேஜ்' என்று ஒரு இரும்புச் சட்டம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே 25,000 வோல்ட் கம்பி. சட்டத்துக்கு மேல் போகும் பாரத்துக்கு அனுமதி இல்லை. டிஜிட்டல் ஒலிக்கும் அப்படி ஒரு உச்சவரம்பு உண்டு. சராசரிச் சத்தத்தை உயர்த்த வேண்டுமானால் ஒரே வழி, டிரம் அடிபோன்ற உயரமான முனைகளை அமுக்கிவிட்டு மொத்தச் சரக்கையும் சட்டம் வரை ஏற்றுவது. அப்புறம் மெல்லிய இடம், வலிய இடம் என்ற பேதமே போய்விடுகிறது. மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெடிக்' (2008) புது ஆல்பம்தான், ரீமாஸ்டர் அல்ல. ஆனால் இந்த அமுக்கலால் ஒலி சிதைந்து, ஆயிரக்கணக்கான ரசிகர்கள் திரும்பக் கலந்து தரும்படி மனுப் போட்டார்கள். அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' என்ற விளையாட்டில் அமுக்கப்படாமல் நன்றாக ஒலித்ததுதான் வேடிக்கை.

பிறகு ஏன் முதலில் நமக்குப் பிடிக்கிறது? ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933-இலேயே காட்டினார்கள்: சத்தம் குறைவாக இருக்கும்போது கனத்த ஒலிகளும் மிக உயர்ந்த ஒலிகளும் காதுக்குச் சரியாக எட்டுவதில்லை. சத்தம் கூடினால் அவை எழுந்து வருகின்றன. ஆகவே ஒரு டெசிபல் வித்தியாசம்கூட 'சத்தம் அதிகம்' என்று தோன்றாது, 'தரம் அதிகம்' என்றே தோன்றும்.

நான் அளந்து பார்த்தேன். மகன் தந்தது பழையதைவிட 6 டெசிபல் கூடுதல்! அதைக் குறைத்துச் சமமாக்கி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். மனைவி சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டாள். பத்துத் தடவையில் எட்டுத் தடவை பழையதைத்தான் நல்லது என்றேன். மகனிடம் இன்னும் சொல்லவில்லை.

எல்லா ரீமாஸ்டரும் மோசம் என்று சொன்னால் அநியாயம். 2009-இல் வந்த பீட்டில்ஸ் தொகுப்புக்கு அபே ரோடு பொறியாளர்கள் நான்கு ஆண்டுகள் உழைத்தார்கள். அதில் மோனோ தட்டுகளின் ஒலியை அமுக்கவே இல்லை. கேட்டால் தெரியும்.

'உயர் துல்லியம்' என்று விற்பது வேறு கதை. சாதாரண சி.டி. விநாடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கிறது. மனிதக் காதின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸுக்கு அது போதும். பாஸ்டனில் மேயர், மோரன் என்ற இருவர் உயர் துல்லியத் தட்டுகளின் ஒலியைச் சி.டி. தரத்துக்கு இறக்கி, எது எது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். 2007-இல் வெளியான முடிவு: 554 முயற்சிகளில் 276 சரி. காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவுதான் வரும்! ஆனால் அவர்களே இன்னொன்றும் எழுதினார்கள். அந்தத் தட்டுகளில் பல உண்மையிலேயே நன்றாக ஒலித்தன, தயாரித்தவர்கள் அக்கறை எடுத்துக்கொண்டதால்.

மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் விலையுயர்ந்த எல்.பி.க்களை டிஜிட்டல் கலப்பே இல்லாதவை என்று நம்பி ரசிகர்கள் கொண்டாடினார்கள். பலவற்றில் ஆண்டுக்கணக்காக ஒரு டிஜிட்டல் கட்டம் இருந்தது 2022-இல்தான் வெளிவந்தது. அதுவரை எந்த நுட்பமான காதும் கண்டுபிடிக்கவில்லை. இதை நினைத்து நான் தனியே சிரித்ததுண்டு. எனக்கு 11,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே கேட்பதில்லை என்று ஆசிலேட்டர் வைத்துச் சோதித்த அன்று சிரிப்பு அடங்கியது.

வாங்குமுன் நீங்களும் சோதிக்கலாம். கைபேசியிலேயே டெசிபல் மீட்டர் கிடைக்கிறது. இரண்டு பதிப்பிலும் ஒரே பாட்டின் ஒரே நிமிடத்தை எடுத்து, முதலில் சத்தத்தைச் சமமாக்குங்கள். பிறகு வேறொருவரை மாற்றிப் போடச் சொல்லுங்கள். பத்துத் தடவையாவது வேண்டும். எங்கள் வீட்டில் மனைவி ஐந்தாவது தடவையிலேயே, "அடுப்பில் சாம்பார் இருக்கு" என்று எழுந்துவிடுகிறாள்.