மிதிவண்டியில் ஓர் இலக்கியப் பாடம்

தமிழ் கற்போர் தாம் வாழும் மண்ணையும் கற்றல் வேண்டும். உமறுப் புலவரின் சீறாப்புராணம் நிறைவுற, வள்ளல் சீதக்காதிக்குப் பின் துணைநின்றவர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் என்பதை நம் மாணவர் தேர்வில் எழுதுவர். ஆயின் அவ்வூர்த் தெருக்களைக் கண்டோர் அவருள் எத்துணையர்?

மேனிலைப் பள்ளியில் அரசு வழங்கிய மிதிவண்டி பலர் வீட்டில் துருவேறிக் கிடக்கின்றது. அதுவே இப்பாடத்திற்குப் போதும். உதகையைப் போல் ஈண்டு ஏற்றமில்லை. எல்லாம் ஆற்றுவண்டல் படிந்த சமவெளி.

சிதம்பரம்–கடலூர் நெடுஞ்சாலையில் பேருந்தும் லாரியும் விரையும்; அங்கே ஓரமாக, எச்சரிக்கையுடன் செல்க. முட்லூரில் கிழக்கே திரும்பினால் பரங்கிப்பேட்டைச் சாலை. வெள்ளாறு கடலொடு கலக்கும் அவ்வூர் மஹ்மூது பந்தர் எனவும் வழங்கப்பெற்றது. 1781 சூலை 1இல் ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் பொருத களமும் அதுவே. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையமும் அங்குள்ளது. மற்றொரு நாள் கிள்ளை வழியே பிச்சாவரம் சென்று, நெய்தல் நிலத்தின் அலையாத்திக் காட்டைக் காணலாம்.

வைகறையில் புறப்படுதல் நன்று. கோடையில் வெயில் ஏறியபின் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும். மேற்கே திரும்புவோர்க்கு அது முதுகுத்துணை.

பேருந்தில் விரைவோர்க்கு ஊர்ப்பெயர் வெறும் பலகை. மிதித்துச் செல்வோர் நின்று வினவலாம். முதியோர் விடை கூறுவர். அம்முதியோர் உள்ளபோதே மாணவர் செல்லுதல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.