தீபாவளிக்கு முன் கூரை வேலை: பண்டமாரான் வீட்டுக்காரர்களுக்கு மழைக்கால ஆலோசனை

தென்மேற்குப் பருவக்காற்று ஓயப்போகிறது. அக்டோபர் பிறந்தால் கிள்ளான் வட்டாரத்தின் வானிலை நமக்குத் தெரிந்ததுதான். காலையில் கொளுத்தும் வெயில். மதியத்துக்கு மேல் வானம் கறுத்து, இடியும் காற்றுமாக ஒரு மணி நேரத்தில் கால்வாய் நிரம்பும் மழை. அது முடிவதற்குள் நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் தீபாவளி. பெயிண்ட் அடிப்பது, ஒழுகலை அடைப்பது, முன்வாசலுக்குக் கூரை போடுவது என்று எல்லா வேலையையும் இந்தச் சில வாரங்களுக்குள்தான் திணிக்கிறோம்.

போன வருடம் இதே பருவத்தில் நம் தாமானில் நான் நேரில் போய்ப் பார்த்த மூன்று வீடுகளை மறக்க முடியவில்லை. ஒரு வீட்டில் எட்டாயிரம் வெள்ளி முன்பணம் வாங்கிக்கொண்டு போனவன் திரும்பவே இல்லை. இன்னொரு வீட்டில் பெர்மிட் இல்லாமல் போட்ட பின்கட்டுக் கூரையைச் சொந்தச் செலவில் கழற்றினார்கள். மூன்றாவது வீட்டில் அறுபதை நெருங்கும் ஓர் அண்ணன் கூரையை உடைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் விழுந்து கிடந்தார். அவர் இன்னும் ஊன்றுகோல் இல்லாமல் நடப்பதில்லை. இந்த ஆலோசனையை எழுத வைத்தது அந்த மூன்றாவது வீடுதான்.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய சாம்பல் நிறத் தகட்டின் மேல் கால் வைக்காதீர்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

• தரையில் நின்றே கூரையைப் பாருங்கள். கைப்பேசியில் பெரிதாக்கிப் படம் எடுங்கள். உடைந்த ஓடு, விலகிய முகட்டு ஓடு, துருவேறிய ஆணி, தளர்ந்த தகடு எல்லாம் படத்திலேயே தெரியும்.
• வீட்டுக்குள் சீலிங்கைப் பாருங்கள். பழுப்பு வளையம் இருந்தால் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த மழையில் கோட்டைத் தாண்டினால் ஒழுகல் இன்னும் நிற்கவில்லை.
• தண்ணீர்க் குழல்களில் இலை, பறவைக்கூடு, பந்து இருந்தால் ஆள் வைத்து எடுங்கள். கூரை ஒழுகுகிறது என்று என்னைக் கூப்பிட்ட பல வீடுகளில் கூரை நன்றாகவே இருந்தது. குழல் அடைத்துத் தண்ணீர் பின்னுக்கு ஏறியிருந்தது.
• வீட்டுக் காப்புறுதியை எடுத்துப் படியுங்கள். தீ விபத்துக்கு மட்டும் எடுத்த காப்புறுதி புயலுக்கும் வெள்ளத்துக்கும் பணம் தராமல் போகலாம். முகவரிடம் இப்போதே கேளுங்கள்.
• மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் இடிமழை எச்சரிக்கையை நாள்தோறும் பாருங்கள்.

இவை ஒரு சனிக்கிழமைக் காலையில் முடிகிற வேலைகள். தள்ளிப்போட வேண்டாம்.

அந்தச் சாம்பல் தகடு

பண்டமாரான் புதுக்கிராமத்துப் பழைய வீடுகளிலும், எழுபது எண்பதுகளில் கட்டிய தாமான் வீடுகளின் பின்கட்டுகளிலும் அலை அலையான சாம்பல் தகடுகள் இன்னும் இருக்கின்றன. பல வீடுகளில் அவை அஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்ட் தகடுகள். வெயிலும் மழையும் பட்டுப் பட்டு உள்ளே பலம் போய்விடும். மேலே பாசி படியும். கீழிருந்து பார்த்தால் கல்போலத் தெரியும். மேலே ஒரு ஆள் ஏறினால் பிஸ்கட்போல உடையும்.

“ஆணி வரிசை மேல மட்டும் நடந்தா ஒண்ணும் ஆகாது தம்பி” என்று என்னிடம் சொல்லாத ஆள் இல்லை. ஆணிக்குக் கீழே சட்டம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் பாசியில் கால் அரை அடி வழுக்கினால் சட்டம் எங்கே, நீங்கள் எங்கே? அந்த அண்ணன் ஆணி வரிசையில்தான் நடந்தார். கையில் ஒரு சிலிக்கான் குழாய். மழை விட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் போனபோது தரையில் தகட்டுத் துண்டுகள் சிதறிக் கிடந்தன. அடுப்பின்மேல் இருந்த சாம்பார்ச் சட்டிக்குள்ளும் ஒரு துண்டு. மேலே பார்த்தால் ஆள் உடம்பு அளவுக்கு வானம் தெரிந்தது.

வெளிச்சத்துக்காக நடுவில் பொருத்திய பிளாஸ்டிக் தகடுகளும் இதே ஆபத்துதான். அவற்றின்மேல் பெயிண்ட் அடித்திருந்தால் மேலே நிற்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

அதன் தூசும் ஆபத்து. அஸ்பெஸ்டாஸ் நார் நுரையீரலில் தங்கினால் புற்றுநோய் வரை கொண்டு போகும். அது வெளியே தெரிய இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஆகும். ஆகவே பழைய தகட்டை ரம்பத்தால் அறுக்க வேண்டாம். சுத்தியலால் உடைத்துக் கீழே போட வேண்டாம். தீபாவளிக்குப் பளபளப்பாக்குகிறேன் என்று அதிவேக நீர்ப் பம்பு வைத்துப் பீய்ச்சவே வேண்டாம். அது மேல் தோலை உரித்து நாரை அக்கம்பக்கமெல்லாம் தெளிக்கும். தகட்டை நனைத்து, உடையாமல் முழுதாகக் கழற்றி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்ற வேண்டும். 2005 ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் விதிமுறைகளின்படி அஸ்பெஸ்டாஸ் கழிவு அட்டவணைக் கழிவு. குப்பை லோரிக்குக் கொடுப்பதும் பின்சந்தில் சாய்த்து வைப்பதும் தவறு. அது தெரிந்த, அதற்கு வழி வைத்திருக்கும் ஆளிடம் வேலையைக் கொடுங்கள்.

மறுபடியும் சொல்கிறேன். பழைய சாம்பல் நிறத் தகட்டின் மேல் கால் வைக்காதீர்கள். நீங்களும் வேண்டாம், மகனும் வேண்டாம், ஐம்பது வெள்ளிக்கு ஏறுகிறேன் என்று வரும் பக்கத்துத் தெருப் பையனும் வேண்டாம்.

பெர்மிட் யாருக்கு வேண்டும்?

உடைந்த ஓட்டுக்குப் பதில் அதேபோன்ற ஓடு வைப்பதும், ஒழுகும் மூட்டை அடைப்பதும் பழுதுபார்ப்பு. கூரையின் வகை, சரிவு, உயரம், பரப்பளவு எதை மாற்றினாலும், புதிதாக முன்வாசல் கூரையோ பின்கட்டுக் கூரையோ போட்டாலும் கிள்ளான் அரச மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். எது எந்த வகை என்று சந்தேகம் வந்தால் வீட்டுப் படங்களோடு முகப்பில் போய்க் கேளுங்கள். கேட்பதற்குக் காசில்லை.

“ரெண்டு சுவருக்கு நடுவுல இருக்கிற சந்துக்கு மேல ஒரு தகடு போட்டேன், இதுக்கு எதுக்குப் பெர்மிட்?” என்று கேட்கிறார்கள். 1974 ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம், அதாவது சட்டம் 133, பிரிவு 70 இதற்கு நேராகவே பதில் சொல்கிறது. சுவர்களுக்கோ கட்டடங்களுக்கோ இடையில் உள்ள திறந்தவெளியைக் கூரையிட்டு மூடுவதும் கட்டடம் கட்டுவதாகவே கருதப்படும். நீங்கள் தகடு என்கிறீர்கள், சட்டம் அதைக் கட்டடம் என்கிறது.

1976 ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் 172-உம் இருக்கிறது. வீட்டுக்குள்ளே மட்டும் செய்யும் மாற்றத்துக்கு அது திட்ட அனுமதி கேட்பதில்லை. வெளித்தோற்றமோ உயரமோ பரப்போ மாறினால் நிலைமை வேறு. அனுமதியின்றி மேம்பாடு செய்தால் அந்தச் சட்டத்தில் ஐந்து லட்சம் வெள்ளி வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் உச்ச தண்டனை.

பெரிய ஆட்களை யார் கேட்பார்கள் என்று நினைக்கிறவர்களுக்கு நம் ஊர்க் கதையே போதும். அப்போதைய கிள்ளான் நகராண்மைக் கழக உறுப்பினராகவும் துறைமுகக் கிள்ளான் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்த சக்காரியா முகமட் டெரோஸ், வரைபட ஒப்புதல் இல்லாமல் இதே பண்டமாரானில் எழுப்பிய மாளிகை 2006-இல் நாடு முழுக்கச் செய்தியானது. சிலாங்கூர் சுல்தான் அதிருப்தி தெரிவித்தார். கழக உறுப்பினர் பதவியைச் சக்காரியா விட வேண்டியதாயிற்று.

வழி இதுதான். கட்டடக் கலைஞரையோ பதிவுபெற்ற வரைபடக்காரரையோ பிடித்து பிளான் வரையச் சொல்லுங்கள். நிலப் பட்டா, வீட்டு வரி ரசீது, அடையாள அட்டை நகல், படங்கள் எல்லாம் தயாராக இருக்கட்டும். அண்டை வீட்டாரின் சம்மதக் கடிதத்தைக் கேட்பார்கள். மழைத்தண்ணீர் அவர்கள் முற்றத்தில் விழாது என்று காட்டி, கேட்கும் முன்பே வாங்கி வையுங்கள். பாக்கி வரியைக் கட்டிவிடுங்கள். இந்த வரிசையில் ஒன்றைத் தாண்டி ஒன்றுக்குப் போனால் தீபாவளிக்குள் வேலை முடியாது. இன்னும் பிளானே வரையாதவர்கள் பெரிய வேலையைத் தை மாதத்துக்குத் தள்ளுங்கள். இப்போதைக்கு ஒழுகலை மட்டும் அடைத்து பண்டிகையைக் கொண்டாடுங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்க

வாசலில் வந்து “அங்கள், உங்க கூரை போச்சு, இன்னைக்கே செஞ்சா பாதி விலை” என்கிறவனை நம்பாதீர்கள். அவன் மேலே ஏறி இறங்கும்போது கையில் கொண்டு வரும் உடைந்த ஓடு உங்கள் கூரையிலிருந்துதான் வந்தது என்பதற்கு என்ன சாட்சி?

• நிறுவனத்தின் எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) பதிவையும் சிஐடிபி (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிவையும் இணையத்தில் சரிபாருங்கள். 1994 ஆம் ஆண்டுச் சட்டம் 520-இன்படி கட்டுமான வேலை எடுப்பவர் சிஐடிபியில் பதிந்திருக்க வேண்டும். சட்டையில் அச்சடித்த சின்னம் பதிவு ஆகாது.
• கூரை ஏறும் ஒவ்வொருவருக்கும் சிஐடிபி பச்சை அட்டையும் சொக்சோ பாதுகாப்பும் உண்டா என்று கேளுங்கள்.
• குறைந்தது மூன்று விலைப்பட்டியல் வாங்குங்கள். தகட்டின் வகை, மில்லிமீட்டரில் தடிமன், ஆணியா திருகா, பழைய தகட்டை எங்கே கொண்டுபோவார், எத்தனை நாள், எத்தனை ஆண்டு உத்தரவாதம் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.
• பணத்தைப் பகுதி பகுதியாகக் கொடுங்கள்: சாமான் வீட்டு வாசலில் இறங்கிய பிறகு ஒரு பங்கு, கூரைச் சட்டம் நின்ற பிறகு ஒரு பங்கு. கடைசிப் பங்கு ஒரு நல்ல மழை பெய்து, சீலிங் காய்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான்.
• நிறுவனக் கணக்கில் மட்டும் பணம் போடுங்கள். தனி ஆள் கணக்கு எண் கொடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஏமாந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாம். மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் ஐம்பதாயிரம் வெள்ளி வரை கோரலாம். மனுவுக்குக் கட்டணம் ஐந்து வெள்ளி. வழக்கறிஞர் வேண்டாம். மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீது, வாட்சாப் உரையாடல், படம் எதையும் அழிக்காதீர்கள்.

வேலை நடக்கும் நாளில்

காலையில் திறக்கும் பகுதியைப் பிற்பகல் இரண்டு மணிக்குள் மூடச் சொல்லுங்கள். முழுக் கூரையையும் ஒரேயடியாகத் திறக்க விடாதீர்கள். கென்வாஸ் கீழே இருக்கக் கூடாது, மேலே தயாராக இருக்க வேண்டும். இடி கேட்டால் எல்லோரும் இறங்க வேண்டும். வீட்டுக்கு வரும் மின்கம்பி கூரையை ஒட்டிப் போனால் தேசிய மின்சார வாரியத்தை முன்கூட்டியே அழையுங்கள், எண் 15454.

கூரைச் சட்டத்தில் ஒரு துண்டைக்கூட வெட்ட விடாதீர்கள். தண்ணீர்த் தொட்டி நுழையவில்லை என்று குறுக்குச் சட்டத்தை அறுக்கிறார்கள். நூறு கேலன் தண்ணீர் சுமார் 450 கிலோ. எட்டு பேர் சீலிங்கில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பாருங்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பொறியாளரின் கையெழுத்து வேண்டும்.

வந்தவர்களின் உடம்பில் பாதுகாப்புப் பட்டை இருக்கிறதா, அதன் கயிறு உறுதியான இடத்தில் கட்டியிருக்கிறதா, தகட்டின் மேல் நடக்கப் பலகை போட்டிருக்கிறார்களா என்று நீங்களே பாருங்கள். பலகை இல்லாமல் தகட்டில் நடந்தால் வேலையை நிறுத்துங்கள். உங்கள் வீட்டில் கூலி வேலை செய்கிறவரும் ஒரு குடும்பத்துக்கு அப்பாதான். உங்களுக்குச் சொன்னதுதான் அவருக்கும்: பழைய சாம்பல் நிறத் தகட்டின் மேல் கால் வைக்கக் கூடாது.

ஏணி

போன வருடமும் இதையேதான் கோயில் மண்டபத்தில் நின்று சொன்னேன். தலையாட்டினார்கள். முதல் மழையில் ஒழுகியது, பின்கட்டிலிருந்து ஏணியை எடுத்துச் சாய்த்தார்கள். கையெட்டும் தூரத்தில் ஏணி இருந்தால், நடு மழையில் வாளி வைத்துக்கொண்டு நிற்கும் மனிதனுக்கு எந்த ஆலோசனையும் ஞாபகம் வராது.

ஆகையால் இதைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டியது ஒன்றுதான். வீட்டு ஏணியைச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். சாவியை வீட்டு அம்மாவிடம் கொடுங்கள். அம்மா, நீங்கள் அதை அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வையுங்கள். மழை விட்டு இரண்டு நாள் ஆகும் வரை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.