அந்துருண்டை: ஆலையில் நண்பன், தொட்டிலில் பகைவன்

குளிர் விட்டதும் ஸ்வெட்டர், ரஜாய், கம்பளி எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி, இடையிடையே வெள்ளை உருண்டைகளைப் போட்டு வைக்கிறோம். அந்துருண்டை என்றும் பாச்சை உருண்டை என்றும் இதைச் சொல்வதுண்டு. நெடுங்காலமாக இதற்குப் பயன்படும் பொருள் நாப்தலீன் என்ற அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்.

பண்புகள்

இரண்டு பென்சீன் வளையங்கள் ஒரு பக்கத்தைப் பொதுவாகக் கொண்டு இணைந்ததே நாப்தலீன் மூலக்கூறு. இதில் 10 கார்பன் அணுக்களும் 8 ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. 80 டிகிரி செல்சியஸில் உருகும். 218 டிகிரியில் கொதிக்கும். ஆனால் சாதாரண வெப்பத்திலேயே, உருகாமல் நேராக ஆவியாகவும் செய்யும். இதற்குப் பதங்கமாதல் என்று பெயர். பெட்டியிலுள்ள உருண்டை நாளுக்கு நாள் சிறுத்துப் போவது இதனால்தான். அந்த ஆவியே பூச்சியைக் கொல்கிறது. நாப்தலீன் நீரில் அநேகமாகக் கரையாது, எண்ணெயில் கரையும்.

தொழிலில் பயன்கள்

நிலக்கரியைக் கல்கரியாக்கும்போது கிடைக்கும் தாரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நாப்தலீன். பிலாய், ரூர்கேலா போன்ற உருக்காலைகளில் இது துணைப்பொருளாகப் பிரித்தெடுக்கப்படுகிறது. இதிலிருந்து செய்யப்படும் தாலிக் அன்ஹைட்ரைடு பெயிண்டுக்கும், பிளாஸ்டிக்கை வளையச் செய்யும் பொருள்களுக்கும் மூலப்பொருள். சாயங்களும், கான்கிரீட் குறைந்த நீரில் இளகி ஓட உதவும் கலவையும் இதிலிருந்து கிடைக்கின்றன.

நம் நாட்டு வரலாற்றிலும் இதற்கு இடமுண்டு. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் நாப்தலீனிலிருந்து செயற்கை அவுரிச் சாயம் தயாரித்து 1897-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பீகாரின் அவுரித் தோட்டங்கள் நலிந்தன. அந்த நஷ்டத்தை வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் குடியானவர்கள் தலையில் சுமத்தினார்கள். 1917-இல் காந்தியடிகளைச் சம்பாரனுக்கு வரவழைத்த குறைகளுள் இதுவும் ஒன்று.

வீட்டில் எச்சரிக்கை

சிலருக்குப் பிறவியிலேயே ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக இருக்கும். அவர்கள் உடலில் நாப்தலீன் சேர்ந்தால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைகின்றன. பச்சைக் குழந்தைகளுக்குக் கடும் காமாலை ஏற்பட்டு மூளையே பாதிக்கப்படலாம். உருண்டையை விழுங்க வேண்டும் என்பதில்லை. அதனுடன் வைத்திருந்த துணியைச் சுற்றினாலே ஆபத்து. நாப்தலீன் எண்ணெயில் கரைவதால், எண்ணெய் தேய்த்த உடம்பில் இன்னும் எளிதாக இறங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் நாப்தலீன் உருண்டைகளைத் தடை செய்தது.

ஆகவே குழந்தைத் துணிகளுடன் இதை வைக்காதீர்கள். மற்ற கம்பளிகளைத் துவைத்து, வாடை போகும்வரை வெயிலிலும் காற்றிலும் உலர்த்துங்கள். குழந்தையின் கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டி, அந்துருண்டை பற்றியும் சொல்லுங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாலும் கொடுக்காமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

எந்த உருண்டை?

கடையில் கிடைக்கும் உருண்டைகள் எல்லாம் நாப்தலீன் அல்ல. தண்ணீரில் மிதந்தால் கற்பூரம். தண்ணீரில் மூழ்கி, இனி உப்புக் கரையாது என்னும் அளவுக்கு உப்பிட்ட நீரில் மிதந்தால் நாப்தலீன். இரண்டிலும் மூழ்கினால் பாரா-டைகுளோரோபென்சீன். மூன்றுமே விழுங்கினால் நஞ்சு. சோதனையைப் பெரியவர்களே செய்து, கையைக் கழுவிவிடுங்கள்.