நிலக்கடலைப் பாலில் ஒரு புட்டிங்

மாடு வற்றி நிற்கும் மாதங்களில் பிள்ளைகளுக்கு இனிப்பு செய்ய வேண்டுமானால் பாலைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. பால் சாப்பிட்டால் வயிறு உப்பிப் பேதியாகிறவர்களும் பல வீடுகளில் உண்டு. துறையூர், முசிறிப் பக்கம் மானாவாரியில் கடலை போடும் குடும்பங்களுக்கு இந்தப் புட்டிங் கைகொடுக்கும்.

கடலையில் பால் எடுப்பது புதிதல்ல. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் நிலக்கடலைப் புரதத்தைப் பாலுடன் கலந்து 'மில்டோன்' என்ற பானத்தை உருவாக்கியது. நாம் செய்வதில் மாட்டுப்பால் சொட்டும் இல்லை. நிலக்கடலைப் பருப்பில் நூற்றுக்கு 25 பங்கு அளவில் புரதமும், ஏறக்குறையப் பாதி எண்ணெயும் உள்ளன. புட்டிங்கின் வழவழப்பு அந்த எண்ணெயால் வருவது.

முதலில் பருப்பைப் பொறுக்க வேண்டும். திரண்ட கடலையை விற்றுவிட்டு, சொத்தையையும் சுருங்கியதையும் வீட்டுக்கு வைப்பது நம் வழக்கம். இதை விட்டுவிடுங்கள். ஆடிப்பட்டக் கடலை அறுவடையின்போது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காய் சரியாகக் காயாது. பூஞ்சணம் பிடித்து 'அஃப்ளடாக்சின்' என்னும் நஞ்சு உண்டாகலாம். 1960-ல் இங்கிலாந்தில் இந்த நஞ்சு கலந்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் மாண்டன. மனிதருக்குக் கல்லீரலைக் கெடுக்கும். கொதிக்க வைத்தாலும் இது போகாது. நிறம் மாறிய, சுருங்கிய, கசக்கும் பருப்பை அப்புறப்படுத்துங்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். காயை ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு வரும்வரை காயவைக்க வேண்டும். குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆடுவது அடையாளம்.

நல்ல பருப்பு 200 கிராம் எடுத்து, இளஞ்சூட்டில் லேசாக வறுத்தால் பச்சை வாடை குறையும். தோலை நீக்கி 6 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். முக்கால் லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு நைசாக அரைத்து, வெள்ளைத் துணியில் வடித்துப் பிழியுங்கள். ஸ்ரீரங்கத்தார் கொஞ்சம் தண்ணீருக்குப் பதில் தேங்காய்ப்பால் சேர்த்தால் ருசி இன்னும் தூக்கும்.

வடித்த பாலில் ஒரு கரண்டி எடுத்து 50 கிராம் அரிசி மாவைக் கட்டியில்லாமல் கரைத்து வையுங்கள். மீதிப் பாலை அடுப்பேற்றிக் கிளறிக்கொண்டே 10 நிமிடம் கொதிக்க விடவும். நன்றாகப் பொங்கும், அடியும் பிடிக்கும். பெரிய பாத்திரம் நல்லது. தீயைக் குறைத்து மாவுக் கரைசலை ஊற்றி, கரண்டியில் ஒட்டும் பதம் வரும்வரை கிளறுங்கள்.

வெல்லத்தைக் கொதிக்கும் பாலில் போட்டால் திரிந்துபோகக் கூடும். 150 கிராம் வெல்லத்தைத் தனியே கெட்டிப் பாகாக்கி வடிகட்டி, புட்டிங்கை இறக்கிச் சூடு சற்றுத் தணிந்தபின் ஏலக்காயுடன் கலக்கவும். எண்ணெய் தடவிய தட்டிலோ வாழையிலைத் தொன்னையிலோ ஊற்றினால் இரண்டு மணி நேரத்தில் இறுகும். அக்காரவடிசலின் நெய் மணம் இதில் வராது. அதை எதிர்பார்க்க வேண்டாம்.

கடலை ஒவ்வாதவர்களுக்கு இது ஆபத்து. சுண்ணாம்புச் சத்து பாலில் உள்ள அளவு கடலையில் இல்லை. ஆகவே கைக்குழந்தைக்குப் பாலுக்கு ஈடாகக் கொடுக்கக் கூடாது. செய்த அன்றே சாப்பிட்டுவிட வேண்டும். பிழிந்த சக்கையில் புரதம் இன்னும் மிச்சமிருப்பதால், மிளகாயும் புளியும் வைத்து அன்றைக்கே துவையல் அரைக்கலாம்.