காளான் குடிலுக்குக் குளிர்சாதனம்: மின் இணைப்புச் செலவை மதிப்பிடுவது எப்படி?

மொட்டுக் காளான் முளைக்க 14 முதல் 18 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை தேவை. நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் இது இயற்கையாகக் கிடைக்கிறது. சமவெளியில் குளிர்சாதனக் கருவி இன்றியமையாதது. குடில் அமைக்க முன்வரும் விவசாயிகள் பலர் கருவியின் விலையை மட்டும் விசாரித்துக் கடனுக்கு மனுச் செய்கின்றனர். கருவி வந்து இறங்கிய பின்னரே ஒயர், பலகை, எர்த் ஆகியவற்றின் செலவு தெரிய வருகிறது. அப்போது கையில் பணம் இருப்பதில்லை. மெல்லிய ஒயரும் அரைகுறை எர்த்தும் போட்டு வேலையை முடிக்கின்றனர். ஈரம் நிறைந்த காளான் அறையில் இது உயிருக்கே ஆபத்து. ஆகவே, கருவிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் கீழ்க்கண்ட கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

1. மின்பளு

உதாரணமாக, 2 டன் கருவிகள் இரண்டு வைப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் சுமார் 2.2 கிலோவாட் மின்சாரம் இழுக்கும். சரியான அளவு கருவியின் தகட்டில் இருக்கும்.

கருவிகள் (2 x 2.2) – 4.4 கிலோவாட்
விசிறி, ஈரப்பத இயந்திரம் – 0.5 கிலோவாட்
விளக்குகள் – 0.1 கிலோவாட்
மொத்தம் – 5.0 கிலோவாட்

இதற்கு மும்முனை மின்சாரம் ஏற்றது. இரு கருவிகளையும் இரு வேறு முனைகளிலும், மற்றவற்றை மூன்றாவது முனையிலும் இணைக்க வேண்டும்.

பம்புசெட்டுக்கான இலவச இணைப்பிலிருந்து இதற்கு மின்சாரம் எடுக்கலாகாது. அனுமதித்த நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தினால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி இரு மடங்கு கட்டணம் விதிக்கப்படும். காளான் வளர்ப்புக்கு என்று எழுதித் தனி இணைப்புக்கு விண்ணப்பித்து, அதற்கான கட்டணத்தையும் வைப்புத் தொகையையும் மதிப்பீட்டில் முதல் இனமாகச் சேருங்கள்.

2. தூரமும் ஒயரின் பருமனும்

செலவை அதிகம் உயர்த்துவது மீட்டருக்கும் குடிலுக்கும் இடையேயுள்ள தூரம். 2.2 கிலோவாட் கருவி 230 வோல்ட்டில் சுமார் 11 ஆம்பியர் இழுக்கும். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 30 மீட்டர் கொண்டுசென்றால் 3 வோல்ட் அளவே குறையும். அதே ஒயரில் 100 மீட்டர் கொண்டுசென்றால் சுமார் 11 வோல்ட் குறைந்துவிடும். மாலையில் ஏற்கெனவே மின்னழுத்தம் குறையும் ஊர்களில் கருவி திணறிச் சூடாகும்.

100 மீட்டருக்கு 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு 7 வோல்ட் அளவில் நிற்கும். ஆனால் முதலில் சொன்ன 30 மீட்டர் வழியைவிட ஐந்து மடங்கு செம்பு தேவைப்படும். எனவே குடிலின் இடத்தை முடிவு செய்யும்போதே மீட்டர் இருக்கும் இடத்தை அளந்து பாருங்கள். சில அடிகள் நகர்த்தினாலும் பணம் மிச்சமாகும்.

3. பாதுகாப்பு இனங்கள்

இவற்றில் சிக்கனம் கூடாது.

(அ) ஒவ்வொரு கருவிக்கும் தனி ஒயரும் 20 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி.யும் வேண்டும். சாதாரணக் கருவியின் மோட்டார் தொடங்கும்போது பன்மடங்கு மின்னோட்டம் இழுப்பதால் 'சி' வகையே தாங்கும்.

(ஆ) மின்கசிவைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும்.

(இ) இரண்டு தனித்தனி எர்த் குழிகள் வேண்டும்.

(ஈ) அறையில் 80 முதல் 90 சதவீத ஈரப்பதம் இருக்கும். எனவே மின்பலகையை அறைக்கு வெளியே அமைத்து, உள்ளே பி.வி.சி. குழாயும் நீர் புகாத விளக்குகளும் சுவிட்சுகளும் பொருத்துங்கள்.

4. மதிப்பீடு தயாரித்தல்

ஒரு தாளில் ஐந்து தலைப்புகள் எழுதுங்கள்: இணைப்புக் கட்டணம், மீட்டரிலிருந்து குடில் வரை கேபிள், பலகையும் துண்டிப்பான்களும், உட்புற ஒயரிங், எர்த். ஒவ்வொன்றிலும் அளவை எழுதி, உள்ளூர்க் கடை விலையால் பெருக்குங்கள். கேபிளைப் புதைப்பதானால் இரண்டரை அடி ஆழ அகழி வெட்டும் கூலியையும் சேருங்கள். வளைவு, இணைப்பு, வீணாவது ஆகியவற்றுக்குக் கேபிள் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள்.

பின்னர் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர்கள் இருவரிடமாவது இதே தாளைக் கொடுத்து விலை கேளுங்கள். பொருளும் கூலியும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். விலை குறைவாக வந்தால், ஒயரின் பருமனும் எர்த் குழிகளும் குறைக்கப்பட்டுள்ளனவா என்று முதலில் பாருங்கள்.

இந்தத் தொகையையும் சேர்த்தே கடனுக்கு மனுச் செய்யுங்கள். பணம் போதவில்லையெனில் இப்போதைக்கு ஒரு கருவியும் சிறிய அறையும் போதும். எர்த்தை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.