உள்ளே ஒழுகும் காற்று



ஒழுகல் என்றால் உள்ளே இருப்பது வெளியே வருவது என்றுதான் நினைப்போம். குடம் ஒழுகினால் தண்ணீர் வெளியே வரும். ஆனா, வெளியே இருக்கிற காற்று உள்ளே ஒழுகுற இடம் ஒண்ணு இருக்கு. அது சின்ன விமானத்தின் எஞ்சின்!

செஸ்னா 172 என்பது நான்கு பேர் உட்காரும் அமெரிக்க விமானம். 1955-ல் முதன்முதலில் பறந்தது. இதுவரை 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். விமானம் ஓட்டப் பழகுபவர்கள் பலர் இதில்தான் பழகுகிறார்கள். இதற்கு ஒரே ஒரு எஞ்சின். 1968 முதல் பல ஆண்டுகள் வந்த விமானங்களில் லைகோமிங் ஓ-320 என்ற நான்கு சிலிண்டர் எஞ்சின் இருந்தது.

எஞ்சினின் அடியில் கார்புரேட்டர். அங்கே பெட்ரோலும் காற்றும் கலக்கும். 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 15 கிராம் காற்று வேண்டும். அந்தக் கலவை நான்கு குழாய்கள் வழியாக நான்கு சிலிண்டருக்கும் போகும். குழாயின் கீழ்முனையை ஒரு ரப்பர் துண்டும் இரண்டு கிளாம்பும் பிடித்திருக்கும். மேல்முனையை போல்ட்டு போட்டு முடுக்கியிருப்பார்கள், நடுவில் கேஸ்கட் இருக்கும்.

சூட்டில் ரப்பர் காய்ந்து வெடிக்கும். அப்போ என்ன ஆகும்? ஒரு ஸ்ட்ராவில் ஊசியால் ஓட்டை போட்டுத் தண்ணீரை உறிஞ்சிப் பாருங்கள். தண்ணீர் கொஞ்சம் வரும். இப்போ ஸ்ட்ராவின் அடியை விரலால் பாதி அழுத்திக்கொண்டு உறிஞ்சுங்கள். காற்றுதான் நிறைய வரும்!

எஞ்சினிலும் அதே கதைதான். வெளியே காற்றழுத்தம் 76 செ.மீ. பாதரசம். த்ராட்டிலை மூடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது குழாய்க்குள் சுமார் 30 செ.மீ.தான் இருக்கும். அதனால் வெளிக்காற்று ஓட்டை வழியாக வேகமாக நுழையும். கலவையில் பெட்ரோல் குறைந்து, எஞ்சின் தடுமாறும். த்ராட்டிலை முழுதாகத் திறந்தால் உள்ளே 70 செ.மீ.க்கு மேல் வந்துவிடும். அப்போது தடுமாற்றம் தெரியாது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது இதுதான். வேகமாக ஓடும்போது நல்லா இருக்கு என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. தரையிறங்க வரும்போது விமானி த்ராட்டிலைக் குறைத்துத்தான் ஆக வேண்டும்.

பராமரிக்கும் முறை:

1. இணைப்பைச் சுற்றி நீலக்கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 100 எல்.எல். என்ற விமான பெட்ரோலுக்கு நீலச்சாயம் போட்டிருப்பார்கள். கறை இருந்தால் அங்கே கசிவு இருக்கலாம்.

2. ரப்பரை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கல்லு மாதிரி இருந்தாலும் கீறல் இருந்தாலும் புதுசு போட வேண்டும். கிளாம்பை இன்னும் இறுக்கினால் சரியாகாது, ரப்பர்தான் வெட்டுப்படும்.

3. பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடக் கூடாது. ஒட்டியிருக்கும் துணுக்குகளைக் கீறல் விழாமல் எடுக்க வேண்டும். போல்ட்டை டார்க் ரென்ச்சால், புத்தகத்தில் சொன்ன அளவுக்கு மட்டும் முடுக்க வேண்டும்.

4. எஞ்சின் நின்றிருக்கும்போது குழாய்க்குள் மெதுவாகக் காற்று ஊதி, இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். குமிழி வந்தால் ஓட்டை. நம்ம சைக்கிள் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்க்கிற மாதிரிதான்!

அமெரிக்காவில் பணம் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றும் இத்தகைய விமானங்களை 100 மணி நேரம் பறந்ததும் சோதிக்க வேண்டும் என்பது விதி. அதில் இந்தக் குழாய்களும் சேரும். பேருந்து என்றால் ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்க்கலாம். வானத்தில் ஓரம் ஏது?

உங்களுக்கு ஒரு கேள்வி: மலைமேல் காற்றழுத்தம் குறைவு. அங்கே த்ராட்டிலை மூடி எஞ்சினை ஓட்டினால், அதே ஓட்டையில் காற்று அதிகமாக நுழையுமா, குறைவாக நுழையுமா? விடை தெரிந்தவர்கள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்து காரணத்தோடு சொல்லுங்கள்.